குடல் சொல்லாததை நரம்பு சொல்லும்

1966ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து சீலியாக் நோய் குறித்து இரண்டு மருத்துவக் கட்டுரைகள் வெளிவந்தன. மார்க்ஸ், ஷூஸ்டர், வாட்சன் ஆகிய மூவரும் ‘லான்செட்’ இதழில் எழுதியது ஒரு தோல்நோயைப் பற்றியது. கடும் அரிப்போடு முழங்கையிலும் முழங்காலிலும் சிறு கொப்புளங்கள் கொத்துக்கொத்தாகத் தோன்றும் அந்த நோய் உள்ளவர்களுக்குச் சிறுகுடலும் பழுதுபட்டிருப்பதை அவர்கள் காட்டினார்கள். பர்மிங்காமைச் சேர்ந்த குக், ஸ்மித் இருவரும் ‘பிரெய்ன்’ இதழில் எழுதியது நரம்புகளைப் பற்றியது. சீலியாக் நோயுள்ள 16 பேருக்கு நரம்புக் கோளாறுகள் வந்திருந்தன. அத்தனை பேருக்கும் நடையில் தள்ளாட்டம் இருந்தது. இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தபோது, உடலின் சமநிலையைக் காக்கும் சிறுமூளையில் பர்கின்ஜி செல்கள் என்ற நரம்புச் செல்கள் பெருமளவு அழிந்திருந்தன. தோலைப் பற்றிய கண்டுபிடிப்பு சில ஆண்டுகளுக்குள் பாடநூலில் ஏறிவிட்டது. நரம்பைப் பற்றிய கண்டுபிடிப்போ அரை நூற்றாண்டுக்குப் பிறகும் விவாதப் பொருளாகவே இருக்கிறது. ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு கருத்துகளுக்கு இவ்வளவு வேறுபட்ட வரவேற்பு ஏன் கிடைத்தது? ஒன்றின் சான்று வலுவானது, மற்றதன் சான்று பலவீனமானது என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மை மட்டுமே. தோல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் உறுப்பு. மூளை அப்படி அல்ல. சான்று கிடைப்பதில் உள்ள சிரமத்தின் பெரும்பகுதி இந்த வேற்றுமையிலிருந்தே வருகிறது. இதைப் புரிந்துகொண்டால், சீலியாக் நோயைக் குடலின் நோயாக மட்டும் பார்ப்பது ஏன் ஆபத்தானது என்பதும் புரிந்துவிடும்.

முதலில் நோயின் அடிப்படை. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதத் தொகுப்புக்குக் குளூட்டன் என்று பெயர். பரோட்டா மாவை வீசி இழுக்க முடிவது இதனால்தான். இந்தப் புரதத்தில் புரோலின், குளூட்டமின் என்ற இரு அமினோ அமிலங்கள் மிகுதி. அதனால் நம் செரிமான நொதிகளால் இதை முழுவதுமாக வெட்ட முடிவதில்லை. 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு உட்பட சில துண்டுகள் செரிக்காமலே சிறுகுடலை அடைகின்றன. பெரும்பாலோருக்கு இதனால் எந்தத் தீங்கும் இல்லை. ஆனால் டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 என்ற மரபணு வகை உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குக் கதை மாறுகிறது. குடல் சுவரில் உள்ள டிரான்ஸ்குளூட்டமினேஸ் 2 என்ற நொதி அந்தத் துண்டுகளைச் சற்றே மாற்றி அமைக்கிறது. மாறிய துண்டுகள் அந்த மரபணு வகை உருவாக்கும் புரதத்தோடு கச்சிதமாகப் பொருந்துகின்றன. அதைக் கண்ட நோயெதிர்ப்புச் செல்கள் எதிரி நுழைந்துவிட்டதாக எண்ணித் தாக்குதல் தொடுக்கின்றன. விளைவாக, உணவுச் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் மழுங்கிச் சிறுகுடலின் உட்பரப்பு தட்டையாகிவிடுகிறது. இதோடு இன்னொன்றும் நடக்கிறது: உடல் தன்னுடைய டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதிக்கு எதிராகவே ஆன்டிபாடிகளை உருவாக்கத் தொடங்குகிறது. 1997இல் ஜெர்மனியில் டெட்லெஃப் ஷுப்பான் குழுவினர் இதைக் கண்டறிந்தார்கள். இன்று சீலியாக் நோயைக் கண்டுபிடிக்கச் செய்யப்படும் முக்கியமான ரத்தப் பரிசோதனை அந்த ஆன்டிபாடியைத் தேடுவதுதான். உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ 1 சதவீதத்தினருக்கு இந்த நோய் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது.

இது குடல்நோய் என்ற எண்ணம் வேரூன்றியதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1888இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ இந்த நோயை விவரித்தபோது அவர் கண்முன் இருந்தவர்கள், வயிற்றுப்போக்கால் உடல் வற்றி வயிறு மட்டும் உப்பிய குழந்தைகள். கோதுமையே காரணம் என்று நிறுவிய நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கேயும் அப்படிப்பட்ட குழந்தைகளையே கவனித்தார். 1950இல் வெளிவந்த அவருடைய ஆய்வேடு அவர்களைப் பற்றியதே. 1950களின் பிற்பகுதியில் குடலின் உட்சுவரிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி முறை வந்தது. அதன்பின் தட்டையான குடற்பரப்பே நோயின் இலக்கணம் ஆயிற்று. இந்த இலக்கணம் பெரிதும் உதவியது. கூடவே ஒரு கண்மறைப்பையும் உண்டாக்கியது. வயிற்றில் புகார் இல்லாதவருக்குப் பரிசோதனையே செய்யப்படவில்லை. பரிசோதிக்கப்படாதவர் கணக்கில் வரவில்லை. கணக்கில் வராததால், வயிற்றுப் புகார் இல்லாமல் இந்த நோய் வராது என்ற நம்பிக்கை மேலும் உறுதிப்பட்டது. இந்த வட்டத்தை உடைத்து வெளியே வந்தது தோல்நோய் மட்டும்தான். ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிந்தது.

நரம்பையும் தசையையும் சீலியாக் நோய் எட்டுவதற்கு இரண்டு பாதைகள் உள்ளன. முதலாவது, சத்துக் குறைபாடு. இதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. குடலுறிஞ்சிகள் மழுங்கினால் உண்பது உடலில் சேராது. வைட்டமின் பி12 குறைந்தால் தண்டுவடத்தின் பின்பகுதி நரம்பிழைகளும் கைகால் நரம்புகளும் கெடுகின்றன; பாதம் மரத்துப்போகிறது, கண்ணை மூடினால் நிற்க முடிவதில்லை. செம்புச் சத்து குறைந்தாலும் இதே தோற்றம் வரும். அதனால் பி12 ஊசி போட்டும் தேறாத ஒருவருக்குச் செம்பின் அளவைப் பார்க்காமல் விட்டால் காரணம் தப்பிவிடும். கொழுப்பில் கரையும் வைட்டமின் ஈ நெடுங்காலம் கிடைக்காவிட்டால் சிறுமூளையும் தண்டுவடமும் சேர்ந்து பாதிக்கப்பட்டுத் தள்ளாட்டம் வருகிறது. வைட்டமின் டி குறையும்போது சுமை முழுவதும் இடுப்பு, தொடை, தோள் தசைகள் மேல் விழுகிறது: தரையில் உட்கார்ந்தவரால் கையை ஊன்றாமல் எழ முடியாது, படி ஏறுவது பெரும்பாடாகும், எலும்பும் வலிக்கும். கால்சியமும் மக்னீசியமும் வெகுவாகக் குறைந்தால் விரல்கள் இழுத்துக்கொள்ளும். கடுமையான வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் சரிந்து, கைகால் செயலிழந்த நிலையில் மருத்துவமனைக்கு வந்தவர்களுக்குப் பின்னர் சீலியாக் நோய் உறுதியான நிகழ்வுகளும் இந்தியா உட்படப் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. இவற்றில் தசைக்கும் நரம்புக்கும் நேரடியான பகைவன் யாரும் இல்லை. வரவேண்டிய சத்து வரவில்லை, அவ்வளவுதான். குறையைக் கண்டுபிடித்து ஈடுசெய்தால் பலருக்கு நல்ல முன்னேற்றம் கிடைக்கும். நாள்பட்ட பி12, செம்புக் குறைபாடுகள் மட்டும் நிரந்தரத் தழும்பை விட்டுச் செல்லக்கூடும்.

பாதை இது ஒன்றுதான் என்றால் விஷயம் எளிதாக முடிந்திருக்கும். 1966இல் குக்கும் ஸ்மித்தும் விவரித்த 16 பேரும் உடல் மெலிந்து சத்து வற்றியவர்களே. ஆகவே அவர்களுடைய நரம்புக் கோளாறுக்குச் சத்துக் குறைபாடே காரணம் என்று சொல்வது அன்றைக்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்களின் நரம்பு மண்டலத்தில் ரத்தக் குழாய்களைச் சுற்றி அழற்சிச் செல்கள் சூழ்ந்திருந்தன. வெறும் சத்துக் குறைவு அழற்சியை அழைத்து வருவதில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து இந்தக் கேள்வியை வேறொரு முனையிலிருந்து கேட்டவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர நரம்பியல் மருத்துவர் மரியோஸ் ஹட்ஜிவாசிலியூ. சீலியாக் நோயாளிகளிடம் நரம்புக் கோளாறைத் தேடாமல், காரணம் புலப்படாத நரம்புக் கோளாறு உள்ளவர்களிடம் குளூட்டன் எதிர்ப்பைத் தேடினார். 1996இல் வெளியான அந்த ஆய்வில் காரணம் தெரியாத 53 பேரில் 57 சதவீதத்தினருக்குக் குளூட்டனின் ஒரு பகுதியான கிளையடினுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. காரணம் தெரிந்த நரம்புநோயாளிகளில் 5 சதவீதத்தினருக்கும், ரத்த தானம் செய்தவர்களில் 12 சதவீதத்தினருக்கும் மட்டுமே அது இருந்தது. பிறகு அவர் குழு ‘குளூட்டன் தள்ளாட்டம்’ என்று பெயரிட்ட நிலையில், பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே வயிற்றுக் கோளாறு இருந்தது. கணிசமானோருக்குக் குடலின் உட்பரப்பு கெடாமலே இருந்தது. குடல் கெடாதவரிடம் சத்து உறிஞ்சப்படவில்லை என்ற விளக்கம் செல்லாது. அங்கே இரண்டாவது பாதையைத் தேடியே ஆக வேண்டும்.

இரண்டாவது பாதை நோயெதிர்ப்பு மண்டலத்தின் வழியாகச் செல்கிறது. டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்பது ஒரே நொதி அல்ல. ஒரு நொதிக் குடும்பம். குடலில் தாக்கப்படுவது இரண்டாம் எண் நொதி. மேலே சொன்ன தோல்நோயில் முதன்மையாகத் தாக்கப்படுவது தோலில் உள்ள மூன்றாம் எண் நொதி என்று 2002இல் தெரியவந்தது. 2008இல் ஷெஃபீல்டு குழுவும் அதன் கூட்டாளிகளும் குளூட்டன் தள்ளாட்டம் உள்ளவர்களின் ரத்தத்தில், நரம்புச் செல்களில் காணப்படும் ஆறாம் எண் நொதிக்கு எதிரான ஆன்டிபாடியைக் கண்டார்கள். குடல், தோல், மூளை ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று நொதிகள் இலக்காகின்றன. தற்செயலாக இப்படி ஒரு வரிசை அமைவது கடினம். இதற்கு ஆதரவாக வேறு சான்றுகளும் உள்ளன. குளூட்டன் தள்ளாட்டத்தோடு இறந்த ஒருவரின் மூளையில், ரத்தக் குழாய்களைச் சுற்றி டிரான்ஸ்குளூட்டமினேஸ் எதிர்ப்பு ஆன்டிபாடிகள் படிந்திருந்தது 2006இல் பதிவானது. கிளையடினுக்கு எதிரான ஆன்டிபாடி பர்கின்ஜி செல்களையும் அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்கிறது. இத்தாலிய ஆய்வாளர்கள் இந்த வகை ஆன்டிபாடிகளை எலிகளின் மூளை அறைகளில் செலுத்தியபோது எலிகள் தள்ளாடின. மூளைக்குள் நேரடியாகச் செலுத்துவது இயற்கையில் நடப்பதற்கு ஒப்பானதல்ல என்பது உண்மைதான். ஆனாலும் அந்த ஆன்டிபாடிகள் நோயின் வெறும் அடையாளச் சின்னங்களாக இல்லாமல், தாமே தீங்கு செய்ய வல்லவை என்பதை அந்தச் சோதனை காட்டுகிறது.

சிறுமூளைக்கு அடுத்தபடியாக அதிகம் பாதிக்கப்படுவது கைகால்களுக்குச் செல்லும் புற நரம்புகள். பாதங்களில் தொடங்கும் எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற வலி ஆகியவை இதன் முகங்கள். ஸ்வீடனில் பயாப்ஸியால் உறுதிசெய்யப்பட்ட 28,232 சீலியாக் நோயாளிகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவில், மற்றவர்களைவிட அவர்களுக்குப் புற நரம்பு நோய் வரும் வாய்ப்பு 2.5 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. இங்கே மருத்துவர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வலியையும் வெப்பத்தையும் கடத்தும் மெல்லிய நரம்பிழைகள் மட்டும் கெட்டிருந்தால், வழக்கமான நரம்பு மின்கடத்தல் சோதனை எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டும். அந்தச் சோதனை தடித்த இழைகளைத்தான் அளக்கிறது. தோலில் சிறு துணுக்கு எடுத்து நரம்பிழைகளை எண்ணிப் பார்த்தால்தான் குறை தெரியும். சோதனை சரியாக வந்ததாலேயே ஒருவருடைய எரிச்சலை மனப்பிரமை என்று தள்ளிவிடுவது அநியாயம். மூளையின் மற்ற பகுதிகளும் தப்பவில்லை. வலிப்பு நோய், மூளையின் பின்பகுதியில் சுண்ணாம்புப் படிவு, சீலியாக் நோய் ஆகிய மூன்றும் ஒருவரிடமே சேர்ந்து வருவதை 1992இல் இத்தாலியின் கோபி குழுவினர் விவரித்தார்கள், அது அரிது. ஸ்வீடனின் பதிவேடுகள் பொதுவாகவே சீலியாக் நோயாளிகளுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு சுமார் 1.4 மடங்கு என்று காட்டின. தசையின் கதை இன்னும் சிறிய எண்ணிக்கையில் நிற்கிறது. குளூட்டன் எதிர்ப்போடு தசைநோயும் இருந்த 13 பேரைப் பற்றிய ஷெஃபீல்டு ஆய்வு 2007இல் வெளிவந்தது. அவர்களின் தசைத் துணுக்குகளில் அடிக்கடி காணப்பட்டது அழற்சி. இதைக் கொண்டு பெரிய முடிவு எதற்கும் வர முடியாது. ஆனால் சீலியாக் நோயாளியின் தசைத் தளர்ச்சி வைட்டமின் டி கொடுத்தும் தீரவில்லை என்றால் அழற்சியையும் தேட வேண்டும் என்ற அளவுக்கு இது போதுமானது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு வலுவானது. கிளையடினுக்கு எதிரான ஆன்டிபாடி, முழு ஆரோக்கியத்தோடு இருக்கும் பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. ஜெர்மனியில் 2003இல் வெளியான ஓர் ஆய்வு, தள்ளாட்டம் உள்ளவர்களிடம் அது மற்றவர்களைவிட அதிகம் இல்லை என்றது. மரபணுக் கோளாறால் வரும் ஹன்டிங்டன் நோயாளிகளிடம்கூட அது மிகுதியாகக் காணப்பட்டது. மரபணுவால் வந்த நோய்க்குக் குளூட்டன் காரணமாக இருக்க முடியாது. ஆகவே நரம்புச் செல்கள் அழியும்போது பக்கவிளைவாக இந்த ஆன்டிபாடி தோன்றலாம் என்கிறார்கள் மறுப்பவர்கள். இதை ஏற்றுக்கொள்கிறேன். ஏற்பதால் விளைவது என்ன? கிளையடின் ஆன்டிபாடியை மட்டும் வைத்து ஒருவருடைய நரம்பு நோயைக் கோதுமையின் தலையில் கட்டக் கூடாது என்பதுதான். டிரான்ஸ்குளூட்டமினேஸ் 2க்கு எதிரான ஆன்டிபாடியோ குடல் மாற்றமோ உறுதியானவர்களுக்கு இந்த மறுப்பு பொருந்தாது. அவர்களுக்குச் சீலியாக் நோய் இருப்பதே நிரூபணமாகிவிட்டது. ஆக, இந்த மறுப்பு குளூட்டன் நரம்பு நோயின் எல்லையைச் சுருக்குகிறதே தவிர, அப்படி ஒன்று இல்லை என்று காட்டவில்லை.

இரண்டாவது மறுப்பு எண்ணிக்கையைப் பற்றியது. அதே ஸ்வீடன் ஆய்வில் புற நரம்பு நோய் வந்த சீலியாக் நோயாளிகள் 0.7 சதவீதம், மற்றவர்களில் 0.3 சதவீதம். மடங்கு பெரிதாகத் தெரிந்தாலும் எண்ணிக்கை சிறியது, இதற்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். இதற்கு இரண்டு பதில்கள். ஒன்று, பதிவேடு தருவது மருத்துவர் கண்டுபிடித்து எழுதிவைத்த கணக்கு. தேடிப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. புதிதாகச் சீலியாக் நோய் கண்டறியப்பட்ட 100 பேரை ஷெஃபீல்டில் நரம்பியல் முறைப்படி பரிசோதித்தபோது 24 பேர் நடையில் உறுதியின்மையைச் சொன்னார்கள், மூளையின் எம்.ஆர். படம் 60 பேருக்கு இயல்புக்கு மாறாக இருந்தது. சிறப்பு மையத்துக்கு வருபவர்கள் எல்லா நோயாளிகளுக்கும் பிரதிநிதிகள் ஆகமாட்டார்கள், அதனால் இந்த எண்ணைக் குறைத்தே மதிப்பிட வேண்டும். ஆனால் பிரிட்டனின் ‘பயோபேங்க்’ தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்ட 104 சீலியாக் நோயாளிகள் எந்த நரம்பியல் மையமும் தேர்ந்தெடுத்தவர்கள் அல்ல. அவர்களிடமும் எதிர்வினை வேகம் குறைந்திருந்ததையும் மூளையின் வெண்பகுதியில் மாற்றங்கள் இருந்ததையும் 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டாவது பதில் இதைவிட முக்கியமானது. சீலியாக் நோயாளிக்கு நரம்பு நோய் வரும் வாய்ப்பு என்பது ஒரு கேள்வி. காரணம் தெரியாத நரம்பு நோயாளிக்குச் சீலியாக் நோய் இருக்கும் வாய்ப்பு என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கான விடை சிறியது என்பதால் இரண்டாவதன் விடையும் சிறியதாகத்தான் இருக்கும் என்று கொள்வது தர்க்கப் பிழை. மருத்துவமனையில் தள்ளாடி வந்து நிற்பவருக்குத் தேவைப்படுவது இரண்டாவது கேள்விக்கான விடை.

மூன்றாவது மறுப்பே இந்த விவாதத்தின் மையம். குளூட்டனை நிறுத்தினால் நரம்பு நோய் தீர்கிறது என்று குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து நடத்திய சோதனை எதுவும் நிரூபிக்கவில்லையே? தோல்நோயில் பத்தியம் இருந்தால் கொப்புளங்கள் மறைகின்றன, மறுபடி கோதுமை உண்டால் திரும்புகின்றன. நரம்பில் ஏன் அப்படிக் காட்ட முடியவில்லை? தோலின் செல்கள் வாரக்கணக்கில் உதிர்ந்து புதிதாக முளைப்பதால் காரணம் நீங்கியதும் தோல் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இறந்த பர்கின்ஜி செல்லுக்கு மாற்றாக இன்னொன்று பிறப்பதில்லை. பல ஆண்டுகள் தாக்கப்பட்ட சிறுமூளையில் காரணத்தை நீக்கினால் மேலும் அழிவதை நிறுத்தலாம், உயிரோடிருந்தும் செயல் குன்றிய செல்கள் மீளலாம், போனது போனதுதான். ஆகவே ‘முழுக் குணம்’ என்ற அளவுகோலை வைத்தால், நோய்க்குக் காரணம் முற்றிலும் குளூட்டனாகவே இருந்தாலும்கூடச் சோதனை தோற்றுவிடும். மூளையில் கேட்க வேண்டிய கேள்வி, சரிவு நின்றதா என்பது. 2003இல் வெளிவந்த ஒப்பீட்டில் பத்தியத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த 26 பேர் ஓராண்டில் முன்னேறினார்கள். பத்தியத்தை ஏற்காதவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. பத்தியத்தை விரும்பி ஏற்பவர் பொதுவாகவே தன் உடல்மேல் அக்கறை உள்ளவராக இருக்கலாம், முன்னேற்றம் அதனாலும் வந்திருக்கலாம் என்ற ஐயம் அங்கே நிற்கிறது.

அந்த ஐயத்தைக் கணிசமாகக் குறைப்பது 2017இல் வெளியான ஆய்வு. சிறுமூளையின் நடுப்பகுதியில் நரம்புச் செல்களின் நலத்தைக் காட்டும் ஒரு வேதிப்பொருளின் அளவை எம்.ஆர். கருவியால் அளக்க முடியும். குளூட்டன் தள்ளாட்டம் உள்ள 117 பேரை இப்படி இருமுறை அளந்தார்கள். கண்டிப்பான பத்தியத்தால் ரத்தத்தில் ஆன்டிபாடியே இல்லாமல் போன 63 பேரில் 62 பேருக்கு அந்த அளவு உயர்ந்திருந்தது. பத்தியம் இருந்தும் ஆன்டிபாடி மறையாத 35 பேரில் 9 பேருக்கே உயர்ந்தது. பத்தியம் இல்லாத 19 பேரில் ஒருவருக்கு மட்டும். இதில் நடுக்குழுவைக் கவனிக்க வேண்டும். அவர்களும் பத்தியத்தை ஏற்றவர்களே, அக்கறை உள்ளவர்களே. ஆனால் ஆன்டிபாடி மறையவில்லை, மூளையும் பெரிதாகத் தேறவில்லை. வெறும் அக்கறைதான் காரணம் என்றால் அவர்களும் முதல் குழுவைப் போலத் தேறியிருக்க வேண்டும். எம்.ஆர். கருவி நோயாளியின் நம்பிக்கையை அளப்பதும் இல்லை. குலுக்கல் சோதனைக்கு இது ஈடாகாது. ஆனால் அந்தச் சோதனையை நடத்த வேண்டுமானால், சீலியாக் நோய் உறுதியானவர்களில் பாதிப் பேரை ஆண்டுக்கணக்கில் கோதுமை உண்ணச் சொல்ல வேண்டும். அவர்களின் குடலுக்குக் கேடு என்று தெரிந்தே அதைச் செய்ய எந்த மருத்துவ அறமும் இடம் தராது. ஒருபோதும் கிடைக்காத சான்றுக்காகக் காத்திருப்பது எச்சரிக்கை ஆகாது. கையில் உள்ள சான்றை எடைபோட்டுச் செயல்படுவதே அறிவியல்.

நான்காவது மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வருகிறது. இந்த வாதத்தைக் கேட்டு, தலைவலி முதல் மறதி வரை எல்லாவற்றுக்கும் கோதுமையைப் பழிக்கும் போக்கு வளராதா? வளரும், வளர்ந்தும் இருக்கிறது. அதற்கு இந்தச் சான்றுகள் துணை போவதில்லை. சீலியாக் நோயும் அதற்குரிய ஆன்டிபாடியும் இல்லாதவருக்குக் கோதுமை நரம்பைக் கெடுக்கிறது என்பதற்கு மேலே சொன்ன எதுவும் ஆதாரமாகாது. சோதிக்காமலே கோதுமையை நிறுத்துவதில் நேரடியான கேடும் உண்டு: குளூட்டன் நின்ற சில மாதங்களில் ஆன்டிபாடியின் அளவு இறங்கி, குடலும் தேறத் தொடங்குவதால் பிறகு செய்யும் சோதனை நோயை மறைத்துவிடும். பரிசோதனை முடியும்வரை வழக்கமான உணவையே உண்ண வேண்டும். சத்து மாத்திரைகளிலும் அளவு தேவை. வைட்டமின் பி6ஐ அளவுக்கு மீறி நெடுநாள் உட்கொண்டால் அதுவே புற நரம்புகளைக் கெடுக்கும்.

தமிழகத்துக்கு இதில் எவ்வளவு பங்கு என்ற கேள்விக்கு ஓரளவு துல்லியமான விடை இருக்கிறது. வட இந்தியா, வடகிழக்கு, தெற்கில் வேலூர்ப் பகுதி ஆகிய இடங்களில் 23,331 பேரிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், சீலியாக் ஆன்டிபாடி வடக்கில் 1.23 சதவீதத்தினருக்கும் தெற்கில் 0.10 சதவீதத்தினருக்கும் இருந்தது. நோய்க்கு இடம் தரும் மரபணு வகையோ வடக்கில் 38.1, தெற்கில் 36.4 சதவீதம், ஏறத்தாழச் சமம். வேறுபட்டது நாள்தோறும் உண்ணும் கோதுமையின் அளவு: வடக்கில் சராசரி 455 கிராம், தெற்கில் 25 கிராம். நம் உடலில் தடை ஏதும் இல்லை. நம் சோற்றுப் பழக்கம் நோயை அடக்கி வைத்திருக்கிறது என்றே இந்த எண்கள் சொல்கின்றன. பரோட்டா, ரவை உப்புமா, சேமியா, ரொட்டி, பிஸ்கட் என்று கோதுமை அன்றாடம் ஆகிக்கொண்டிருக்கும் காலத்தில் இந்தக் காப்பு நீடிக்கும் என்று எண்ணி இருந்துவிட முடியாது. நோய் அரிது என்பதாலேயே நம் ஊர் மருத்துவர் மனத்தில் அது எளிதில் தோன்றுவதில்லை என்பதும் ஒரு கவலை. ஆறுதலான பக்கமும் உண்டு. அரிசி, கேழ்வரகு, கம்பு, தினை, சாமை, பருப்பு என நம் சமையலின் அடித்தளம் இயல்பாகவே குளூட்டன் இல்லாதது. கண்ணில் படாமல் நுழையும் இடங்களில்தான் எச்சரிக்கை வேண்டும்: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கிறது, பால் கலந்து குடிக்கும் மால்ட் பானங்களில் பார்லி இருக்கிறது, சோயா சாஸில் கோதுமை இருக்கிறது. இட்லிக்கு ஊற்றிய சாம்பாரில் போட்ட ஒரு சிட்டிகை பெருங்காயம் சிறு விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஆன்டிபாடி முழுவதும் மறைந்தவருக்கும் மறையாதவருக்கும் மூளையில் எவ்வளவு வேறுபாடு என்பதை மேலே பார்த்தோம். ஆகவே பத்தியத்தில் பெரும்பாலும் என்ற சொல்லுக்கு இடமில்லை.

இவை அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் செய்ய வேண்டியது தெளிவாகிறது. காரணம் புலப்படாத தள்ளாட்டம், கைகால் நரம்பு நோய், தசைத் தளர்ச்சி ஆகியவற்றோடு வரும் எவருக்கும், வயிறு எவ்வளவு நலமாக இருந்தாலும், டிரான்ஸ்குளூட்டமினேஸ் ஆன்டிபாடிச் சோதனையைச் செய்ய வேண்டும். அந்தச் சோதனை ஐ.ஜி.ஏ. வகை ஆன்டிபாடியைத் தேடுவது. சீலியாக் நோயாளிகளில் சிலருக்கு அந்த வகையே பிறவியில் குறைவாக இருப்பதால், மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் கூடவே பார்க்க வேண்டும். ஆன்டிபாடி இருந்தால் எண்டோஸ்கோப்பி வழியே சிறுகுடல் பயாப்ஸி. அதோடு பி12, ஃபோலேட், டி, ஈ, செம்பு ஆகியவற்றின் அளவுகளையும் பார்த்து, முதல் பாதையில் வந்த சேதத்தையும் இரண்டாவது பாதையில் வந்த சேதத்தையும் பிரித்தறிய வேண்டும். ஒருவரிடமே இரண்டும் இருக்கலாம், அப்போது மாத்திரை பத்தியத்துக்கு மாற்றாகாது, பத்தியம் மாத்திரைக்கு மாற்றாகாது. எதிர்த் திசையிலும் ஒரு கடமை இருக்கிறது. சீலியாக் நோய் உறுதியான நாளிலேயே நோயாளியின் நடை, கால்களின் உணர்ச்சி, தசை வலு ஆகியவற்றைச் சோதித்துக் குறித்து வைக்க வேண்டும். அதற்குச் சில நிமிடங்களும் ஓர் இசைக்கவையும் போதும். தேவையில்லாமல் செய்த ஒரு ரத்தப் பரிசோதனையின் இழப்பு சிறிது பணத்தோடு முடிந்துவிடும். செய்யாமல் விட்ட பரிசோதனையின் இழப்பை, தள்ளாட்டம் தொடங்கிய பிறகு கடந்து போன ஒவ்வொரு மாதத்துக்கும் நோயாளியின் சிறுமூளை செலுத்துகிறது. சீலியாக் நோயை வரையறுக்கும் பொறுப்பைக் குடலிடம் மட்டும் ஒப்படைத்துவிடாமல், நரம்பியல் பிரிவிலும் அதைத் தேடத் தொடங்குவதே அந்த இழப்பைத் தடுக்கும் வழி.